குளோ என்ஜினா, மோட்டாரா

அண்ணன் குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் ஃபிட்டர். ஷிப்டு முடிந்தபின் கை சும்மா இருக்கக் கூடாது என்று, ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியில் வைத்துச் செய்யத் தொடங்கினார். லேசான பால்சா மரத்தில் நான்கடி இறக்கை. அதில் நான் கை வைத்துவிட்டால் போதும், அவருக்குக் கண் சிவந்துவிடும். சிவக்கட்டும், வேறு காரணத்துக்காகச் சிவக்காமல் இருந்தால் சரி.

எல்லாம் முடிந்து என்ஜின் மட்டும் பாக்கி. அண்ணனுக்கு, எரிபொருள் ஊற்றி ஓட்டும் குட்டி குளோ என்ஜின்தான் வேண்டும். செல்போனில் அதன் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டு மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். பெட்ரோலை ஊற்றிவிடாதீர்கள், இதற்கு மெத்தனால் கலந்த எரிபொருளைத் தனியாகக் கேனில் வாங்க வேண்டும் என்றார் அவர்.

மெத்தனால்! கள்ளச்சாராயச் சாவு என்று பேப்பரில் வரும்போதெல்லாம் கூடவே வருகிற பெயர் அது. விளக்கெண்ணெயும் கலந்திருக்கும், யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்று கடைக்காரர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? பீரோவுக்குப் பாலிஷ் போட வாங்கி வைத்த ஸ்பிரிட்டை ஒரு தீபாவளிக்குக் காலி பண்ணிவிட்டு, அண்ணன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கேனை அலமாரியில் பூட்டி வைக்கலாமா? அப்புறம் சாவியை எங்கே ஒளிப்பது? உன்னை நம்பவில்லை என்று போர்டு எழுதி மாட்டியதுபோல ஆகாதா? பெட்ரோலில் ஓடும் என்ஜினை விசாரித்தால், இந்தச் சின்ன விமானம் அந்தக் கனம் தாங்காது என்றார்கள். கடைசியில் அவரிடம் கேட்காமலே பேட்டரியில் ஓடும் மோட்டாரை வாங்கிவந்தேன்.

அண்ணன் டப்பாவைப் பிரித்து மோட்டாரை உருட்டிப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு ஒப்பித்தேன்: குளோ என்ஜின் எண்ணெயைக் கக்கும், இறக்கையெல்லாம் பிசுபிசுப்பாகும், அதை டியூன் பண்ணத் தெரிந்த ஆள் நம் ஊரில் இல்லை. மில்லில் இருபது வருடமாக மெஷின்களைக் கட்டி மேய்ப்பவரிடம் போய் இதைச் சொன்ன என் வாயைத்தான் அடிக்க வேண்டும்.

"மெத்தனாலுக்குப் பயந்தியாலே?" என்றார்.

டப்பாவைத் தூக்கி எறிவார், இனி இந்த மாடிப்படி ஏற மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ மோட்டாரை விமானத்தின் மூக்கில் பொருத்தி அளவு பார்த்தார்.

"சத்தத்துக்காக அந்த என்ஜினக் கேட்டனா, கேனுக்காகக் கேட்டனான்னு எனக்கே தெரியலலே" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.