சிவப்பு நூல் கட்டிய புடலை விதை

1986 செப்டம்பர் 13. மூங்கில் பதினாறு, கம்பி, ஆணி: 11 டாலர் 40 சென்ட்.
1986 நவம்பர் 29. முதல் பரிசு: 15 டாலர்.
1987 நவம்பர் 22. சேதம்: 27 டாலர் 80 சென்ட்.
1988 ஜூலை 16. வெற்றிலை, பாக்கு, தேங்காய் இரண்டு: 1 டாலர் 35 சென்ட்.
2002 பிப்ரவரி 25. உறை, தபால் தலை: 1 டாலர் 10 சென்ட்.

என் மனைவி இந்திராவதியின் புடலைப் பந்தலுக்கு ஆன வரவு செலவு இது. அவளைப் பற்றி எழுதினால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் தென்கடல் தீவில் சவேனி என்ற ஊரில் கரும்பு போட்ட குடும்பத்தில் பிறந்தவள். 1962இல் என்னைக் கட்டிக்கொண்டு நடபுவாவுக்கு வந்தாள். எனக்கு ஆலையில் கரும்பு எடை எழுதும் உத்தியோகம். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. வந்த மறுநாளே அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மண்ண வெச்சுக்கிட்டு கடையில மொளகா வாங்குறீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் மிளகாய் வாங்கியதில்லை.

எங்கள் ஊரில் செப்டம்பர் பிறந்தால் குளிர் விட்டுவிடும். மாமரம் பூத்திருக்கும். ஆலை ஓடும் காலம் என்பதால் எரித்த கரும்பின் கரி காற்றில் வந்து துவைத்த துணிமேல் விழும். மற்ற பெண்கள் கரியைத் திட்டுவார்கள். இந்திராவதி அதைக் கூட்டி அள்ளிக் கத்தரிப் பாத்தியில் போடுவாள். தக்காளி சிவக்கும் முன்பே புல்புல் குருவி கொத்தும். முளைத்த அவரையை அடுத்த வீட்டுக் கோழி கிளறும். ஒரு வருஷம் வெண்டைக்காய் என்று நினைத்து அவள் ஊற்றிய தண்ணீரெல்லாம் புளிச்சைக் கீரைக்குப் போய்விட்டது. விதைப் பொட்டலத்தின்மேல் பெயர் எழுதியவன் நான்தான் என்று இன்றுவரை சொல்கிறாள். எழுதவில்லை. எழுதாமல் விட்டேன், அது வேறு.

அவளுடைய பெருமை புடலை. வெள்ளை வரி ஓடிய நீளப் புடலை. விதை அவள் பிறந்த வீட்டு விதை. புடலங்காய் இளசாக இருக்கும்போது நுனியில் நூலால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு போலச் சுருண்டுகொள்ளும். கல் சிறிதானால் காய் வளையும், பெரிதானால் அறுந்துவிடும். ஒருமுறை அறுந்த காய், கல்லோடு என் நெற்றியில் விழுந்து இரண்டு தையல் போட்டார்கள். அவள் ஓடிவந்து முதலில் காயைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாலசுப்பிரமணி. தையல்காரன், அவளைவிட நாலு வயது இளையவன். அவனுக்கும் புடலைப் பைத்தியம். இருவரும் வேலியில் சாய்ந்துகொண்டு காயின் நீளத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

"அக்கா, உங்க காயி நீளந்தான். ஆனா வயிறு ஒட்டிப் போயிருக்கு. சோறு போடலியா?"

"உன் காயி கர்ப்பமா இருக்குது தம்பி. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

ஒவ்வொரு நவம்பர் கடைசிச் சனிக்கிழமையும் எங்கள் தெருக்காரர்கள் கோயில் கொட்டகையில் காய்கறிப் போட்டி நடத்துவோம். நாடா பிடித்து அளப்பவன் நான். என் மனைவி போட்டியில் இருக்கிறாள் என்பதால் புடலையை மட்டும் வேறொருவர் அளப்பார். 1986இல் அவள் முதலாவது, பாலசுப்பிரமணி இரண்டாவது. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அப்படித்தான். பரிசு வாங்கிக்கொண்டு வரும்போது அவன் சிரித்தான். அவன் மனைவி கமலா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் அவன் என்ன பேசினான் என்பதைக் கேட்டவள் அவள்.

அடுத்த வருஷம் எங்கள் தீவில் பட்டாளம் மே மாதத்தில் ஒருமுறையும் செப்டம்பரில் மறுமுறையும் ஆட்சியைப் பிடித்தது. இரண்டாம் தடவைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. ட்ராசா பாதையில் சோதனைச் சாவடி போட்டார்கள். ஞாயிறு அன்று தெருவில் சத்தமே இருக்காது. ஆனால் காய்க்குக் கிழமை தெரியாது. நவம்பர் 22, ஞாயிறு காலை, போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, இந்திராவதி முக்காலியைப் போட்டு ஏறிக் கல் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். எங்கள் தெருவின் முனையிலிருந்து மூன்று வீடுகளில் அன்று துணி காய்ந்தது. ஒரு வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். எதையும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் கதவையும் தட்டவில்லை. நேராகப் பின்பக்கம் வந்தார்கள்.

"பத்தர் கஹா ஹை?" என்று ஒருவன் இந்தியில் கேட்டான். கல் எங்கே என்று.

இந்தியர் வீடுகளில் கல்லெறிந்த காலம் அது. திருப்பி எறிவதற்கு இந்த வீட்டில் கல் சேர்க்கிறார்கள் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்திராவதி முக்காலியில் நின்றபடியே பந்தலைக் கையால் காட்டினாள். வேறென்ன காட்டுவது? அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். சிறியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவனுக்கு வரவில்லை. கரும்பு வெட்டும் கத்தியை என் கொட்டகையிலிருந்தே எடுத்துப் பந்தக்கால்களை வெட்டினான். காய்களிலிருந்து கற்களை அறுத்து, சர்க்கரைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். மிகப் பெரிய காய் தரையில் கிடந்தது. ஐந்தடி இரண்டு அங்குலம்.

அவள் அழவில்லை. வேலியோரம் போனாள். அந்தப் பக்கம் பாலசுப்பிரமணியின் பந்தலில் காய்கள் தொங்கின, ஒவ்வொன்றின் நுனியிலும் கல். சிப்பாய்கள் அதைத் தாண்டித்தான் வந்தார்கள், அதைத் தாண்டித்தான் போனார்கள். அன்று காலை சாவடியில் அவர்களோடு உட்கார்ந்து யாங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தவன் அவன். பால் வாங்கப் போன நானே என் கண்ணால் பார்த்தேன். அதைக் குடித்தால் நாக்கு மரத்துப் போகும் என்பார்கள். அவனுக்கு மரக்கவில்லை.

"நான் ஏன்க்கா சொல்லப்போறேன்? பட்டாளத்துக்காரன் எனக்கு மாமனா மச்சானா?" என்றான், அவள் கேட்கும் முன்பே.

"உன்ன இப்ப கேக்கல தம்பி," என்றாள். "ஒருநா உன் வாயாலயே சொல்லுவ. அது வரைக்கும் நான் சாக மாட்டேன்."

அந்தச் சனிக்கிழமை அவன் முதல் பரிசு வாங்கினான். நாலடி ஏழு அங்குலம்.

வெட்டுக்குத் தப்பியது வேலி மூலையில் ஒரே ஒரு கொடி. ஜனவரியில் அது காய்த்தது. எந்தக் கொடியானாலும் முதல் காயின் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். நூற்றில் ஒரு கொடி கசந்துபோகும். பார்வைக்குத் தெரியாது. காயும் பூவும் விதையும் மற்றதைப் போலவே இருக்கும், வாயில் வைத்தால் வேம்பு. அப்படிப்பட்ட கொடியை அன்றே பிடுங்கி எரித்துவிட வேண்டும், அதன் விதை வீட்டில் இருக்கக்கூடாது என்பது புடலை போடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவள் கிள்ளினாள், துப்பினாள். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"வைங்க," என்றாள். "அது இருக்கட்டும்."

"கசக்குதுன்னுதானே துப்புனே?"

"அதனாலதான் இருக்கட்டும்."

காயைப் பழுக்கவிட்டாள். பழுத்து வெடித்ததும் சிவப்புச் சதையைக் கழுவி, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினாள். துணியில் முடிந்து சிவப்பு நூல் கட்டினாள். நல்ல விதை, போன வருஷத்தது, வெள்ளை நூல். இரண்டும் சமையலறைப் பலகையில் ஒரே டப்பாவில் இருந்தன.

அந்த வருஷம் தெருவில் பாதிப் பேர் போனார்கள். கனடா, ஆக்லாந்து, சிட்னி. பாலசுப்பிரமணிக்கு சிட்னி கிடைத்தது. ஊரை விட்டுப் போகிறவர் வீடு வீடாக வந்து சொல்லிக்கொள்வார். அவர் எந்தச் செடியை, எந்த விதையைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. வெற்றிலை பாக்கோடு கொடுக்க வேண்டும். இது எங்கள் சனத்தின் முறை. 1988 ஜூலை 16 மாலை, எங்கள் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவன் கேட்டான்.

"அக்கா, உங்க புடல வெத ஒரு கை குடுக்கணும். அங்க போயி போட்டா ஒங்க நெனப்பா இருக்கும்."

கமலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" என்று இந்திராவதி கேட்டாள்.

"வேற என்னக்கா? போயிட்டு வரேன்."

அவள் உள்ளே போய்த் தாம்பாளத்தோடு வந்தாள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, அதன் நடுவில் ஒரு முடிச்சு. நூல் சிவப்பு. பார்த்தவன் நான் மட்டும்தான். நானும் வாயைத் திறக்கவில்லை, அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

சிட்னி விமான நிலையத்தில் விதை கொண்டுபோனால் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். அவன் தையல்காரன். கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து, விதைகளை வரிசையாக வைத்துத் திரும்பத் தைத்துக்கொண்டு போனான். வேம்பை இப்படிக் காலில் கட்டிக்கொண்டு கடல் கடந்தவன் வேறு யாரும் இருக்க மாட்டான்.

1989 மார்ச்சில் முதல் கடிதம் வந்தது. இந்திராவதி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் படித்தேன். "அக்காவின் புடலை நன்றாக வந்தது. வெல்லம் மாதிரி இருக்கிறது. எல்லாருக்கும் கொடுத்தோம்."

"இன்னொருவாட்டி படிங்க," என்றாள். படித்தேன்.

"வெல்லமா?"

"வெல்லம்னுதான் எழுதியிருக்கான்."

நூலை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. அந்த செப்டம்பரில் சிவப்பு முடிச்சில் மீதி இருந்ததில் நாலு விதையைத் தனியாக, மற்றக் கொடிகளுக்கு எட்டாத மூலையில் போட்டாள். நாலும் காய்த்தன, நாலும் கசந்தன. அப்படியானால் அவன் பொய் எழுதுகிறான். எதற்கு? கசந்தது என்று எழுதினால், ஏன் அக்கா அப்படிக் கொடுத்தாள் என்று அங்கே நாலு பேர் கேட்பார்கள். கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்ல வேண்டிவரும்.

பதின்மூன்று வருஷம், மார்ச் பிறந்தால் ஒரு கடிதம். வெல்லம், தேன், கற்கண்டு. அவள் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய் எதையாவது வெட்டுவாள். 1994இல் நல்ல கொய்யா ஒன்று அப்படிப் போனது.

2000இல் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தது. மறு வருஷம் எங்கள் மகன் ஷைலேஷ் சிட்னிக்குப் போனான். பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. 2002 பிப்ரவரி 17, ஞாயிறு, தொலைபேசியில் கூப்பிட்டான். பாலு மாமா வீட்டில் சாப்பிட்டானாம்.

"அம்மா, அவுங்க புடலங்கா ஏக்தம் தீத்தா."

"கசப்பா?"

"ஆமா, கசப்பு. நான் துப்பிட்டேன். கமலா மாமி தொடவே இல்ல. மாமா மட்டும் தட்டு பூரா சாப்பிட்டாரு. உங்கம்மா குடுத்த வெத, வெல்லம் மாதிரி இருக்குல்லன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல?"

இந்திராவதி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "வருசா வருசம் தின்னிருக்கான்," என்று என்னிடம் சொன்னாள். "பொய்யக் காப்பாத்த அத்தினியும் தின்னிருக்கான்." பிறகு தொலைபேசியில் கேட்டாள்: "நுனியில கல்லு கட்டியிருக்கானா?"

"கட்டியிருக்காரும்மா. ஒவ்வொண்ணுலயும்."

சிரிப்பு நின்றது. "கசக்குற காயிக்குமா கல்லு கட்டுறான்?" என்றாள்.

அடுத்த வாரம் என்னை எழுதச் சொன்னாள். அவனுக்கு அவள் அனுப்பிய முதல் கடிதம் அதுதான். "தம்பி, கசக்கிறது என்று தெரியும். நல்ல விதை என்னிடம் இருக்கிறது. உறையில் போட்டு, உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் அனுப்புவேன். எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும்."

சொன்னபடி உறையும் தயாரானது. வெள்ளை நூல் முடிச்சிலிருந்து ஆறு விதை. நானாக இருந்தால் சிவப்பிலிருந்துதான் எடுத்திருப்பேன். உறை சாமி படத்துக்குப் பக்கத்தில், சிட்னி முகவரியோடு, தபால் தலையோடு நின்றது. பழைய விதை முளைக்காது என்பதால் ஒவ்வொரு வருஷமும் புது விதை மாற்றிவைத்தாள்.

அந்த மார்ச்சில் கடிதம் வரவில்லை. 2003 மார்ச்சிலும் வரவில்லை. 2004 மார்ச்சிலும் இல்லை. கொடி மட்டும் இருக்கிறது என்று ஷைலேஷ் சொன்னான். மாமா இளைத்துவிட்டார், ஆனால் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றான்.

"மன்னிச்சி அனுப்பிடேன்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மனதார அல்ல. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க.

"உங்க நெத்தியில விழுந்த கல்லுன்னா மன்னிச்சிருப்பேன்," என்றாள்.

எங்கள் தபால் பெட்டி லௌடோக்கா டவுனில். வாரம் இருமுறை நான் போய்த் திறப்பேன். ஒருநாள் உள்ளே நீல உறை ஒன்று கிடந்தது. எழுத்து அவனுடையது, நடுங்கியிருந்தது. பிரிக்காமல் பஸ்ஸில் கொண்டுவந்தேன். அவள் பாகற்காய்க்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். மண் கையோடு நின்றே கேட்டாள். இரண்டே வரி. "அக்கா, கல் இருக்கிறது என்று சாவடியில் சொன்னவன் நான்தான். பரிசுக்காகச் சொன்னேன்."

"திரும்பப் படிங்க."

படித்தேன். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் உறையை எடுத்தாள். ஓரத்தைப் பிரித்து, ஆறு விதையில் ஒன்றை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அஞ்சு போதும் அவனுக்கு," என்றாள்.

அன்றைய தபாலிலேயே அதைச் சேர்ப்பதற்காக நான் மறுபடியும் டவுனுக்குப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள் 2004 செப்டம்பர் 14.