ஒன்பது கழியத் தூக்குங்கோ

துருப்பிடித்து முழுதாக நிற்கும் பாரந்தூக்கி ஆபத்தானதா, பாதி கழற்றிய நிலையில் நிற்பது ஆபத்தானதா? எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பதில் சொன்ன எவரும் அதன் கீழே படுத்து உறங்குகிறவர் இல்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்புக்கும் கடலுக்கும் நடுவே கட்டி முடியாத கட்டிடம் ஒன்று இருக்கிறது. நாட்டில் காசில்லாமல் போன காலத்தில் வேலை நின்றது. ஆட்கள் போய்விட்டார்கள், நீண்ட கையோடு உச்சியில் நின்ற கோபுரப் பாரந்தூக்கி மட்டும் போகவில்லை. அதைக் கழற்றுவதற்கு ஒருகொடவத்தையிலிருந்து இன்னொரு பாரந்தூக்கி, துண்டு துண்டாக, லொறி லொறியாக வந்தது. யுத்தடாங்கியைப் போல இரும்புப் பட்டிகளில் ஊர்ந்து போகும் இராட்சதம். ஒரு தொல்லையை அகற்ற அதைவிடப் பெரிய தொல்லையைக் கொண்டுவருவது எங்களுக்குப் பழக்கமானதுதான் என்பதால் யாரும் வியக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தூக்கத் தொடங்குவோம், அதற்குள் வீடுகளை விட்டு வெளியேறுங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பினார். குடியிருப்புக் குழு உடனே கூடியது, பாதுகாப்பைப் பற்றிப் பேச அல்ல.

"ஏழரைக்கு ராகுகாலம் எல்லோ தொடங்குது! ஒம்பது கழியத் தூக்கட்டும்" என்றார் தலைவர். ஓய்வுபெற்ற பொறியியலாளர்.

"அங்கிள், விடியத்தானே காத்துக் குறைவு" என்றேன்.

"பிள்ளை, இவ்வளவு பெரிய மெசினைக் காத்து என்ன செய்யும்? நீங்கள் படிச்சனீங்கள், சும்மா பயப்பிடாதேங்கோ."

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார். அவருடைய முதலாளியும் சுபநேரம் பார்க்காமல் வாகனம்கூட வாங்காதவராம்.

மூன்று வயது மகளைக் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் எங்கள் தெரு காலி வீதியைச் சந்திக்கும் முனையில் நின்றேன். ஒன்பது கழிந்ததும் இரும்புப் பட்டியில் தேங்காய் உடைத்தார்கள். வீட்டுக்குள் இருந்தால் ஆபத்து என்று வெளியேற்றப்பட்டவர்கள், கொக்கிக்கு நேர் கீழே போய் நின்று படம் எடுத்தார்கள். அவர்களை விரட்டுவதில் மேலும் நேரம் போனது. கோபுரத்தின் பின்பக்கம் சமநிலைக்காகத் தொங்கிய கொங்கிரீட் கட்டிகளில் சில இறங்கின. நீண்ட கைக்குக் கயிறு கட்டப் போனபோது கடல் காற்று எழுந்தது. மேற்பார்வையாளர் கையை உயர்த்தி வேலையை நிறுத்தினார்.

"ஹுளங்க வெடியி, நோனா" என்றார் என்னிடம் சிங்களத்தில். காற்று அதிகமாம்.

அன்றிலிருந்து விடியலிலும் காற்று அடங்கவில்லை. இரண்டு பாரந்தூக்கிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. காற்றோடு சுற்றும்படி விட்டிருப்பதால் அந்த நீண்ட கை பெரும்பாலும் எங்கள் பக்கமே திரும்புகிறது. மகளின் கட்டிலுக்கு மேலே. அப்படிச் சுற்றினால்தான் பாதுகாப்பு, மிச்சமிருக்கும் கட்டிகளே போதும் என்கிறார் மேற்பார்வையாளர். அப்படியானால் இறக்கியவை இத்தனை காலம் எதற்காக மேலே இருந்தன என்று கேட்டேன். சிரித்தார். தலைவரோ அடுத்த நல்ல நாளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மகளோடு நான் இன்னும் கொட்டாஞ்சேனையில்தான்.

"எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வந்திட்டினம். உமக்கு மட்டும் என்ன?" என்று கணவர் தொலைபேசியில் கேட்கிறார். "அம்மா மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறா."

"எல்லாற்ற கட்டிலுக்கு மேலயும் அது நிக்கேல்லையே."

"அப்ப கட்டிலை ஹோலுக்குள்ள இழுப்பம்."

அவ்வளவு இரும்பு விழுந்தால் அறைக்கும் ஹோலுக்கும் வித்தியாசம் பார்க்குமா? அதே சமயம், பயப்படுவது நான் ஒருத்திதான் என்பதும் என்னை உறுத்துகிறது. கணவர் வேலைக்குப் போனால் மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவும் அங்கே ஆளில்லை.

இப்படி அரைகுறையாக நிற்கும் ஒன்றின் கீழே குழந்தையோடு இருந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பினீர்களா? திரும்புவதற்கு முன் யாரிடம், என்ன கேட்டு உறுதி செய்துகொண்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். நாளையும் கணவர் அழைப்பார்.