அவள் நம்பினாள், நான் வாசித்தேன்

அறுபதுகளின் தொடக்கம் அது. திருத்தங்கலில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், என் ஒன்பது மாதக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். கணவர் வற்புறுத்தவில்லை. வேதப்புத்தகம் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோயிலில் எனக்குப் பின்வரிசையில் உட்காரும் பெண் வீட்டுக்கு வந்தாள். என் வயதுதான். வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவள்.

“டீச்சர், எனக்கு எழுத்து தெரியாது. பெட்டி ஒட்டயில கொஞ்சம் வேதம் வாசிச்சுக் காட்டுவீகளா?”

“எனக்கு இப்ப நம்பிக்கையே இல்லம்மா. வேற யாரையாச்சும் கேளுங்க.”

அவள் முகம் மாறவில்லை. “நீங்க நம்ப வேணாம் டீச்சர். அத நான் பாத்துக்கிறேன். நீங்க வாசிச்சாப் போதும்.”

அவள் வீட்டுக்கு ஏன் போனேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல் போயிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமைகள் கனவில் நடந்தவை போலவே நினைவில் இருக்கின்றன. வெயிலில் தகரக் கூரை சடசடக்கும். அறையெங்கும் பசை வாசனை. காய வைத்த கூடுகள் காற்று வந்தால் மெல்ல நகரும். நான் வேதத்திலுள்ள சங்கீதப் பாட்டுகளை வாசிப்பேன். என் குரல் வேறு யாருடையதோ போலத் தூரத்தில் கேட்கும். “அத இன்னொரு தரம் வாசிங்க” என்பாள். கை மட்டும் நிற்காது. வெயில் சுவரில் ஏறிப் போவதுகூடத் தெரியாமல் எங்கோ மிதந்துகொண்டிருப்போம்.

ஒருநாள், துக்கத்தில் கடவுளைக் கூப்பிடுகிறவனின் சங்கீதம் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த வார்த்தை வரவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து அவள் தொடங்கினாள். ஒரு சொல் பிசகாமல் கடைசிவரை சொன்னாள். இத்தனை வாரங்களில் அவள் மனப்பாடம் செய்துவிட்டாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அடக்கத்தன்றுகூட அழாதவள் அன்று அழுதேன். பசைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவள் என் அருகே வந்து உட்கார்ந்தாள்.

“அம்புட்டையும் உள்ளயே வச்சிருந்தீகளா?”

பிறகு கோயிலில் நடந்த பெண்கள் கூட்டத்தில் அந்தச் சங்கீதத்தைச் சொல்லும்படி அவளைக் கேட்டார்கள். படித்தவர்கள் முன்னால் பேச வராது என்று நடுங்கினாள். “நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றேன். சொல்லி முடித்தபோது, நர்ஸ் வேலை பார்க்கிற அக்கா ஒருவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு நம்பிக்கை ஒரே நாளில் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு வாரத்தில், குழந்தையின் பெயரைச் சொல்லி முதன்முதலாக வாய்விட்டு ஜெபித்தேன். திக்கித் திக்கித்தான் வந்தது. அவள் “ஆமென்” சொன்னாள்.