அடியில் படியாத பாட்டில்

செராமிக் பொம்மைப் பட்டறையில் மண் கரைசல் கலக்குவது என் வேலை. நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். அதனால் பிள்ளைகளே, இதில் அறிவியல் எங்காவது தப்பாக இருந்தால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். சிலிகேட் என்ற பிசுபிசுப்பான திரவத்தை அளவாக ஊற்றினால் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி நிற்கும்; கரைசல் பால் மாதிரி அச்சுக்குள் ஓடும். அதிகமாக ஊற்றினால் மறுபடியும் கூழாகிவிடும். விரலை முக்கி எடுத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மீட்டர் எதுவும் கிடையாது.

என் பெரிய மகள் காலேஜில் கடைசி வருஷ பிராஜக்டுக்குச் செம்புத் தூளை எடுத்துக்கொண்டாள். கண்ணுக்கே தெரியாத சன்னமான துகள்கள். தண்ணீரில் கலந்தால் தண்ணீர் சூட்டை இன்னும் வேகமாகக் கடத்துமாம்; மெஷின்களைக் குளிர வைக்க உதவுமாம். ஆனால் தூள் படிந்துவிட்டால் பலனில்லை. படியாமலிருக்க சோப்புத் தூள் மாதிரி ஒரு பொடியைச் சிட்டிகை அளவு போட வேண்டும். காலேஜில் கொடுத்த செம்புத் தூள் ஒரு சின்னக் குப்பி. தீர்ந்தால் இந்த வருஷத்துக்கு வேறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, கலந்த பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தாள். எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்க்க. ஞாயிறு மதியம் அடியில் கோடு போலப் படிவு தெரிந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது.

"அந்தப் பொடிய இன்னும் ரெண்டு சிட்டிக போடும்மா. இப்படிப் படிஞ்சா எங்க மேஸ்திரி பீப்பாவோட கொட்டச் சொல்லுவாரு."

"இது பொம்ம இல்லப்பா" என்று சிரித்தாள். ஆனாலும், காலமெல்லாம் கரைக்கிறவர் சொல்கிறாரே என்று நினைத்திருப்பாள். மறுநாள் காலேஜில் போட்டுக் கலக்கினாள்.

புதன்கிழமை வரை துளியும் படியவில்லை. கூழாகவும் இல்லை. போனில் போட்டோ அனுப்பினாள். அதைப் பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன். பொண்ணு உன்னைவிட நல்லா கரைக்குது என்றார் மேஸ்திரி.

வெள்ளிக்கிழமை அது எவ்வளவு சூடு கடத்துகிறது என்று காலேஜில் அளந்தார்கள். சாயங்காலம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவளைக் கூப்பிடப் போனேன். இறங்கும்போதே முகத்தில் தெரிந்தது. சூடு கடத்துவதில் அதற்கும் வெறும் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லையாம். சூடாக்கினால் நுரை வேறு. பொடி அதிகமாகி, ஒவ்வொரு துகளையும் போர்வை மாதிரி மூடியிருக்கும் என்று சார் சொன்னாராம். துகள் மிதக்கிறது, சூட்டை மட்டும் கைமாற்றவில்லை.

மண்ணில் தப்பு செய்தால் கையிலேயே தெரியும். இதில் பார்வைக்கு எல்லாமே நன்றாக இருந்தது.

"நீ சொன்னதால இல்லப்பா. போட்டது நாந்தான" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மிச்சமிருந்த செம்புத் தூள் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். திங்கட்கிழமை கலக்க வேண்டும். ஞாயிறு முழுக்க நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நான் கதவருகே போய் நின்றேன்.

"பொடி எவ்ளோதாம்பா போடறது?"

என் விரலைப் பார்த்துக்கொண்டேன். பட்டறையில் அதுதான் பதில் சொல்லும்.

"தெரியலம்மா."

தலையாட்டினாள். நோட்டில் ஒரு அளவை எழுதினாள். அதை அடித்துவிட்டு, இன்னொன்று எழுதினாள்.