இரண்டாவது அழுத்தம்

அலுவலகத்தில் ஒரு மவுஸைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். வயர் சரி, மேசைப்பரப்பு சரி. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திரையில் இரண்டாகப் பதிகிறது. இரண்டாவது நான் அழுத்தியதல்ல.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம், சிங்கவரத்துக் கடலைக்கொல்லையில் விழுந்த நைனாவைச் செஞ்சி வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். சட்டையில் ஈரமண் வாசம். எனக்கு எட்டு வயது.

"கையப் புடி பாப்பா. அழுத்துறாரா?" என்றாள் அம்மா.

இறுகப் பிடித்தேன். ஏதோ துடித்தது. "அழுத்துறாரும்மா."

"அப்போ நெனவு இருக்குது. வாடகை கார் இன்னாத்துக்கு? காலைல பஸ்ஸுல பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் சித்தப்பா.

விடிவதற்குள் நைனா போய்விட்டார். துடித்தது என் விரல்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மவுஸின் பழுதுச்சீட்டில் எழுதுகிறேன்: அழுத்தாததும் பதிகிறது.