மிளகாய்த்தூளை முந்திய சிப்

சிப் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வேலாயுதத்துக்கு இப்போது ஒரே வேலை. பழைய இயந்திரங்களில் செத்துப்போன சிப்பைப் பிடுங்கிவிட்டு, அதே நீளம், அதே நாற்பது உலோகக் கால் கொண்ட சிறு பலகையில் புது புராசசரை உட்காரவைத்து, பழைய சாக்கெட்டிலேயே செருகுவது. வெளியே பார்த்தால் அதே கிழம், உள்ளே இளவட்டம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவருடைய முழங்காலுக்குத்தான் அந்தச் செய்தி வரவில்லை.

அன்று, ஒரே ரிப்பேருக்காக மூன்றாம் முறையாக, சிங்கப்பூரின் வடக்கே ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே தேக்காவுக்கு வந்தார். ஃபாரூக்கின் மசாலாக் கடைப் பின்கட்டில் மிளகாய்த்தூள் பாக்கெட் போடும் இயந்திரம். அங்கே வேலை செய்யும் பாக்கியலட்சுமி உறையை மாட்டிப் பிடிப்பார், தூள் விழும், இயந்திரத்தின் சூடான தாடை மூடி உறையின் வாயை ஒட்டும். புது சிப் போட்டதிலிருந்து தூள் விழுமுன்பே தாடை மூடிக்கொள்கிறது. காலி உறைகள் வெகு அழகாக ஒட்டிக்கொண்டு வந்தன.

"நாளைக்குள்ள சரியாகலன்னா முழு ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கிடுறேன் அங்கிள்," என்றார் ஃபாரூக். "அதுக்கு ஆளே வேணாம் லா." சொல்லிவிட்டு முன்கடைக்குப் போனார்.

அந்த ஆளான பாக்கியலட்சுமி, இருபத்திரண்டு வருஷமாக நிற்கும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"உங்க வீட்டு மேசையில ஓடுச்சுன்னீங்களேண்ணே?"

"தாடைக்குப் பதிலா பல்பு மாட்டிப் பார்த்தேன். எரிஞ்சு அணைஞ்சுது."

"பல்புக்கு மிளகாய்த்தூள் விழ வேணாமே."

தப்பு அங்கேதான். பழைய புரோகிராமுக்குக் கடிகாரம் தெரியாது. இரண்டு லட்சம்வரை சும்மா எண்ணிவிட்டுத் தாடையை மூடும். பழைய சிப்புக்கு அது இரண்டு விநாடி வேலை. புதியது கண்ணிமைக்குமுன் எண்ணிவிட்டது. முப்பது வருஷம் சிப்புகளை வேகமாக்கியே சாப்பிட்டவருக்கு, வேகமே கோளாறு என்று இதுவரை தோன்றவில்லை.

மூட்டையின்மேல் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, புதியதைப் பழைய நடைக்கு இழுத்துப் பிடித்தார். பத்து பாக்கெட்டில் எட்டு சரி. இரண்டுக்கு வாய் கோணல்.

"முன்னாடியும் இப்படித்தானாம்மா?"

"போன வருஷம் எனக்கு மணிக்கட்டு போச்சு. அதுலேருந்து உறையை நேராப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகுது. மெஷின் பழசுன்னு முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

வேலாயுதம் தாடை மூடுமுன் இன்னும் அரை விநாடி கூட்டினார். அடுத்த இருபதும் நேராக வந்தன.

ஃபாரூக் திரும்பி வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "முன்னவிட நல்லாருக்கே. புது சிப்புன்னா புது சிப்புதான் லா. இதுவே ஓடட்டும்."

"ரொம்ப வேகம்," என்றார் வேலாயுதம்.

பாக்கியலட்சுமி நிதானமாக அடுத்த உறையை மாட்டினார்.