மணல் தட்டும்வரை

ஸ்டெல்லா டீச்சர் இன்று வீடு திரும்புகிறார் என்று காலை எட்டு மணிக்கு ஆசிரியர் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. மதுரையில் இதய அறுவை சிகிச்சை முடிந்து பதினோராவது நாள். ஒரு மாதத்துக்கு அவர் பள்ளிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தும், ஆசிரியர் அறையில் அவருடைய நாற்காலியைத் துடைத்து வைத்தேன். இரண்டாவது பீரியட் முடித்துத் திரும்பியபோது எல்லோரும் அந்த நாற்காலியைச் சுற்றி நின்றிருந்தார்கள். தலைமையாசிரியர்தான் சொன்னார். கார் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறது. டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்திருக்கிறார். அவ்வளவுதான், அங்கேயே உயிர் போய்விட்டது.

எழுந்தார் என்று கேட்டதுமே மீதியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் என்னைவிட அதிக காலம் அவரோடு வேலை பார்த்தவர்கள். ஆனால் அந்த ஐப்பசி மாத மதியத்தில் அவரோடு பரிசலில் இருந்தவள் நான்.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். இந்தப் பள்ளிக்கு வேலைக்கு வந்த புதிதில், ஆசிரியர் அறையில் எங்கே உட்காருவது என்று கேட்கக்கூட வாய் வராமல் ஜன்னலோரம் நின்றிருப்பேன். "நிக்கிறதுக்கு டிகிரி எதுக்கு, உக்காரு" என்று ஸ்டெல்லா டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தவர்.

ஒரு நாள் புயல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய அலையில் சின்ன வள்ளம் எப்படித் தப்பிக்கிறது என்று யாரோ கேட்டார்கள். டீச்சர் கை கழுவும் தொட்டியை அடைத்துத் தண்ணீர் நிரப்பினார். முதலில் டிபன் பாக்ஸ் மூடியை மிதக்கவிட்டு ஊதினார். அது சுற்றியது. "இது ஆகாது. இதுக்கு மொகம் இல்ல" என்று எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீச்சர் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த சிறுமலை வாழைப்பூவில் ஒரு மடலை உரித்தார். மடலின் கூர்ப்பக்கம் அலையைப் பார்க்கும்போது அது ஏறி இறங்கியது. பக்கவாட்டு விலா அலைக்குத் திரும்பியதும் ஒரே ஊதலில் கவிழ்ந்தது.

காற்று முற்றினால் பாயை இறக்கிவிடுவார்களாம். ஆட்கள் பலகையில் உட்காராமல் வள்ளத்தின் அடியில் உட்காருவார்கள். ஒருவர் விடாமல் தண்ணீர் இறைப்பார். வலையைச் சுருட்டிக் கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து கடலில் விடுவார்கள். காற்று வள்ளத்தைத் தள்ளும், நனைந்த வலை முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும், அதனால் முகம் காற்றைவிட்டுத் திரும்பாது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னவர், கரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. "நடுக்கடல்ல செத்தவுக கொஞ்சம். கரை தெரியுதுன்னு எந்திரிச்சு செத்தவுகதான் அதிகம்" என்றார்.

அந்த ஐப்பசியில் எங்கள் வகுப்புப் பவித்ரா காலாண்டு விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட, அவளைப் பூப்பறிக்க அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆத்தூர் அணைக்கு அக்கரையில் வீடு. மழையில் பாதை அறுத்துக்கொண்டு போயிருந்ததால், அணையில் மீன் பிடிக்கும் கருப்பையா அண்ணனின் வட்டப் பரிசலில் நானும் டீச்சரும் போனோம். போகும்போது தண்ணீர் அசையவே இல்லை. டீச்சர் மட்டும் ஏறியதிலிருந்து விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

பவித்ராவின் அம்மாவிடம் இரண்டு மணி நேரம் பேசினோம். டவுன் விடுதியில் சேர்த்துவிடுகிறோம், பிள்ளைக்கு நாங்கள் பொறுப்பு என்று டீச்சர் சொன்னார். அந்த அம்மா பையை எடுத்துக் கொடுத்து, "ஒங்களை நம்பித்தான் விடுறேன் டீச்சர்" என்றார்.

பவித்ராவோடு திரும்பும்போது மலைப்பக்கம் கறுத்திருந்தது. கருப்பையா அண்ணன் வானத்தைப் பார்த்து, செத்த நேரம் இருந்து போவோமா என்று கேட்டார். எதற்கும் வாய் திறக்காத நான் அன்றைக்குப் பார்த்துத் திறந்தேன். "பஸ் போயிரும்ணே. இந்தா தெரியுதுல்ல கரை, போயிரலாம்" என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு ஏறி விளிம்பைப் பிடித்தார்.

பாதித் தண்ணீரில் காற்று பிடித்தது. மழை அதற்குப் பிறகுதான் வந்தது. பரிசல் சுற்றத் தொடங்கியது. கருப்பையா அண்ணன் துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் அது சுற்றிக்கொண்டே அலைக்குள் சாய்ந்தது. கரை ஒரு முறை என் முன்னால் வந்தது, ஒரு முறை முதுகுக்குப் பின்னால் போனது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிவிட்டது. பவித்ரா அழவில்லை, பையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அண்ணே, மொகத்தக் காத்துக்குக் குடுங்க" என்று டீச்சர் கத்தினார்.

"மொகமா? தாயி, இது சட்டி. சட்டிக்கு ஏது மொகம்?"

டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் வள்ளம். பரிசலுக்கு அது பொருந்தவில்லை. அவர் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தது அப்போதுதான். இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்போம், டீச்சர் மறுபடி கத்தினார்.

"வலையச் சுருட்டிக் கயித்துல கட்டி எறிங்க. அது எந்தப் பக்கம் இழுக்குதோ, அதான் மொகம்."

"வல போயிருமே."

"ஆளு போன பெறகு வல எதுக்குண்ணே?"

அவர் கட்டி எறிந்தார். கயிறு விறைத்தது. பரிசல் ஒரு முறை உலுக்கி, சுற்றுவதை நிறுத்தியது. எங்கள் எல்லோரையும் அடியில் உட்காரச் சொன்னார் டீச்சர். நான் டிபன் பாக்ஸால் தண்ணீரை இறைத்தேன். துடுப்புப் போடவில்லை. காற்றே எங்களைப் பின்புறமாக மெதுவாகக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது.

கரையில் ஆட்கள் நின்று கையசைப்பது தெரிந்தது. முப்பது அடிகூட இருக்காது. ஒருவர் "வந்துட்டீக, வந்துட்டீக" என்று கத்தினார். பவித்ரா எழுந்துவிட்டாள். டீச்சர் அவள் சடையைப் பிடித்து இழுத்து அடியில் நின்ற தண்ணீரிலேயே உட்கார வைத்தார். அவ்வளவு முரட்டுத்தனமாக ஒரு பிள்ளையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. "மணல் தட்டட்டும்" என்றார். அடுத்த நொடி, கரையில் மோதித் திரும்பிய அலை பரிசலின் ஒரு பக்கத்தை என் தோள் உயரத்துக்குத் தூக்கியது. உட்கார்ந்திருந்த நாங்களே ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். பிறகுதான் அடியில் மணல் உரசியது.

மேட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் போன வள்ளம் இரவெல்லாம் புயலைத் தாங்கிக் காலையில் கரைக்கு வந்திருக்கிறது. சட்டை நிறம் தெரிகிற தூரம். கரையில் நின்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வள்ளத்தில் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்று கையைத் தூக்கியிருக்கிறார்கள். கரையலை விலாவில் அடித்து வள்ளத்தைக் கவிழ்த்தது. "நானும்தான் கூப்பிட்டேன். அப்ப ஒம்பது வயசு" என்றார்.

பரிசலைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த கருப்பையா அண்ணன், நீங்கள் எத்தனை வருஷம் கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டார்.

"எங்க ஊர்ல பொம்பள வள்ளத்துல கால் வைக்கக் கூடாதுண்ணே. தண்ணி மேல நான் ஏறுனதே இன்னைக்குத்தான்."

"அடியாத்தீ. அப்ப யாரு பேச்சைக் கேட்டு நான் வலைய எறிஞ்சேன்?"

"கரையில நின்னு பாத்தவ பேச்சை."

டீச்சர் இறப்பதற்கு முதல் நாள் மாலை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். தலையணையில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வீடு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சந்தோஷத்தில் நான், "அப்புறம் என்ன டீச்சர், கரைக்கு வந்தாச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. டீச்சர் ஒரு சுளையை என் கையில் வைத்தார். "அப்படிச் சொல்லாத. மணல் தட்டட்டும்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அடக்கத்துக்குப் பவித்ரா வந்திருந்தாள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கல்லறையில் மண் போட்ட பிறகு, பின்னந்தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். "இழுத்த எடம் இன்னும் இருக்க மாதிரியே இருக்கு மிஸ்" என்றாள். மருத்துவமனையில் நான் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

டீச்சரோடு பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியதுமே எல்லோரும் எழுந்து நெருக்குவார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். டெப்போ வரைக்கும் வர்றீங்களா என்று கண்டக்டர் கேலி செய்வார். இப்போது நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் திட்டுகிறார்கள். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். எல்லோரும் எழுந்துவிட்ட வண்டி கடைசியாக ஒரு முறை குலுங்கும். அதற்காகக் காத்திருக்கிறேன். அது நின்ற பிறகுதான் எழுகிறேன்.